ஜெர்மனியின் புளூ கார்டு: எந்தத் தாள் முதலில், எது அடுத்து

ஜெர்மன் நிறுவனமொன்றிலிருந்து பணிநியமனக் கடிதம் வந்த வாரத்திலேயே, சென்னையிலோ கோவையிலோ பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை ராஜினாமா செய்துவிடுவதுதான் நம் ஊர்ப் பொறியாளர்கள் பலர் செய்யும் முதல் பிழை. மூன்று மாத நோட்டீஸ் பீரியட் இருக்கிறது, அதற்குள் விசா வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். தம் பட்டத்துக்குத் தனியாக ஓர் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும் என்பது இரண்டாவது மாதத்தில்தான் தெரியவருகிறது. அது கைக்கு வரும்போது பழைய வேலையும் போயிருக்கும், ஒப்பந்தத்தில் குறித்த பணித்தொடக்க நாளும் கடந்திருக்கும். இத்தகையவரிடம் தகுதிக் குறை எதுவும் இல்லை. தவறியது வரிசை மட்டுமே.

தமிழ்நாட்டிலிருந்து புளூ கார்டு என்ற வேலை அனுமதியோடு ஜெர்மனிக்குப் பட்டதாரிப் பணியில் செல்ல விரும்புபவர் அந்த வரிசையை முன்கூட்டியே அறிந்துகொள்வதற்காக இக்கட்டுரை எழுதப்பட்டது. இலங்கையிலிருந்து செல்பவருக்கும் சட்டம் ஒன்றே. விண்ணப்பம் மட்டும் கொழும்பிலுள்ள ஜெர்மன் தூதரகத்தின் வழியே செல்லும். இங்கே தரப்பட்டுள்ள சம்பள வரம்புகள் 2026ஆம் ஆண்டுக்கு உரியவை. அவை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று மாறும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் திறன்மிகு பணியாளர் குடியேற்றச் சட்டம் 2020 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்து, 2023 நவம்பர் முதல் 2024 ஜூன் வரை மூன்று கட்டங்களாகத் திருத்தப்பட்டது. ஆகவே அதற்கு முன் அங்கே சென்று குடியேறிய அண்ணனோ கல்லூரி நண்பரோ வாட்ஸ்அப்பில் சொல்லும் வழிமுறைகளில் பாதி இன்றைக்குப் பொருந்தாது. இந்தியர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் திறன்மிகு பணியாளர் விசாக்களை 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவிப்பு வந்தது உண்மைதான். ஆனால் ஆவணங்களைப் பரிசீலிக்கும் கண்டிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

எந்த அனுமதி உங்களுக்கு உரியது

பட்டப்படிப்பு முடித்தவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குடியிருப்புச் சட்டத்தின் 18ஜி பிரிவின்கீழ் வரும் ஐரோப்பிய ஒன்றிய நீல அட்டை, அதாவது எல்லோரும் சொல்லும் புளூ கார்டு. மற்றொன்று, 18பி பிரிவின்கீழ் வரும் சாதாரணத் திறன்மிகு பணியாளர் அனுமதி. இரண்டிலும் வேலை செய்யலாம், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்தில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது: சாதாரண அனுமதியில் 3 ஆண்டுகள், புளூ கார்டில் 27 மாதங்கள், ஜெர்மன் மொழியில் பி1 எனப்படும் இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதங்கள். எனவே தகுதி இருந்தால் புளூ கார்டையே கேட்டு விண்ணப்பிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. நிறுவனத்தின் மனிதவளத் துறை சாதாரண அனுமதிக்கான படிவத்தை அனுப்பினாலும், சம்பளம் வரம்பை எட்டுகிறதா என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்து அவர்களிடம் கேளுங்கள்.

2026இல் புளூ கார்டுக்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ. சென்ற ஆண்டு இது 48,300 ஆக இருந்தது. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் கடக்காதவர்களுக்கும் 45,934 யூரோ 20 சென்ட் போதும். பற்றாக்குறைப் பட்டியலில் தகவல் தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம், கணிதம், இயற்கை அறிவியல், கட்டடக்கலை முதலியவை இருப்பதால், நம்மவர்களில் பெரும்பாலோர் இந்தக் குறைந்த வரம்புக்குள்தான் வருவார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பொது வரம்பைத் தாண்டிய சம்பளத்துக்குக் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை. குறைந்த வரம்பில் வருபவருக்கு அந்த ஒப்புதல் வேண்டும். அதே நகரத்தில் அதே வேலையைச் செய்யும் ஜெர்மானியருக்குக் கிடைக்கும் சம்பளத்தோடு உங்கள் சம்பளம் ஒத்திருக்கிறதா என்று முகமை பார்க்கும். 46,000 யூரோ வரம்பைத் தாண்டிவிட்டது என்று நீங்கள் மகிழ்ந்திருக்கலாம். மியூனிக் நகரத்தில் ஆறு ஆண்டு அனுபவமுள்ள மென்பொருள் பொறியாளருக்கு அந்தச் சம்பளமா என்று முகமை மறுத்துவிடவும் கூடும்.

வரம்பு என்பது வரிக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தைக் குறிக்கும். ஆண்டுக்கு 50,700 என்றால் மாதம் 4,225 யூரோ. மணமாகாதவர் ஒருவரின் கைக்கு வரிக்கும் சமூகக் காப்பீட்டுக்கும் போக ஏறத்தாழ 2,700 யூரோ வரும். உறுதியளிக்கப்பட்ட பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கலாம். இலக்கை எட்டினால் தரப்படும் போனஸைச் சேர்க்க முடியாது. நம் ஊர் சி.டி.சி. கணக்கைப்போல எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

பட்டமே இல்லாமல் தகவல் தொழில்நுட்பத்தில் இருப்பவர்களுக்கும் 2023 நவம்பர் முதல் புளூ கார்டு திறந்திருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் பட்டதாரி நிலைக்கு ஒப்பான மூன்று ஆண்டுப் பணி அனுபவத்தையும் குறைந்த வரம்புச் சம்பளத்தையும் அவர்கள் காட்ட வேண்டும். இறுதியாண்டு அரியரைக் கடைசிவரை முடிக்காமல் வேலைக்குச் சென்று, பிறகு நல்ல நிரலராக வளர்ந்தவர்கள் நம்மிடையே கணிசமாக உண்டு. அவர்களுக்கு இந்த விதி மிகவும் பயன்படும். அனுபவக் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் இருந்தால் போதாது, செய்த வேலையின் விவரமும் இருக்க வேண்டும்.

மருத்துவர், செவிலியர் போன்ற ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களில் இருப்பவருக்கு, அந்தந்த மாநில அதிகாரத்திடம் தொழில் உரிமம் பெறும் வேலை முதலில் வரும். அது தனி நீண்ட பாதை என்பதால் இங்கே விரித்துரைக்கவில்லை. வேலை இன்னும் கிடைக்காதவர்களுக்கு, புள்ளிகளின் அடிப்படையில் அங்கே சென்று வேலை தேட இடமளிக்கும் வாய்ப்பு அட்டை 2024 ஜூன் முதல் இருக்கிறது. அதற்கு ஓராண்டுச் செலவுக்கான பணத்தைப் பெரும்பாலும் முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டியிருக்கும். வீட்டில் கடன் வாங்கி அந்தப் பணத்தைப் போடுவதைவிட, இங்கிருந்தபடியே நேர்காணல்களில் தேறி ஒப்பந்தத்தோடு செல்வதே மேல் என்பேன்.

முதலில் பட்டச் சான்றிதழ்

வேலை தேடத் தொடங்கும் நாளிலேயே செய்ய வேண்டியது இது. பணிநியமனக் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அனாபின் என்ற இணையத் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் எப்படி மதிப்பிடப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும். தளம் ஜெர்மன் மொழியில் மட்டுமே இருக்கிறது. உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டு சமாளித்துவிடலாம். கல்வி நிறுவனங்களின் பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துத் தேடும்போது, நம்மவர்கள் தாம் படித்த கல்லூரியின் பெயரை இட்டுப் பார்த்துவிட்டு, ‘எங்கள் கல்லூரி இல்லையே’ என்று பதறுவது வழக்கம். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தாலும் உங்களுக்குப் பட்டம் வழங்கியது பல்கலைக்கழகம்தான். ஆகவே சான்றிதழின் தலைப்பில் அச்சிடப்பட்டுள்ள பெயரைத்தான், அண்ணா பல்கலைக்கழகமானால் அதன் பெயரையே, தேட வேண்டும். நிறுவனத்துக்கு எதிரே ஹெச் பிளஸ் என்ற குறி இருக்க வேண்டும். அடுத்து, பட்டங்களின் பகுதியில் உங்கள் பட்டத்தின் பெயருக்கு எதிரே ‘என்ட்ஷ்ப்ரிஷ்ட்’ அல்லது ‘க்ளைஷ்வெர்டிக்’ என்ற சொல் இருக்க வேண்டும். ஜெர்மன் பட்டத்துக்கு ஒப்பானது, சமமானது என்று அவற்றுக்குப் பொருள். இரண்டு பக்கங்களையும் பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டால், பட்டத்தைப் பொறுத்த வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது.

இரண்டில் ஒன்று இல்லாமற்போனாலோ, நிறுவனத்துக்கு எதிரே ஹெச் பிளஸ் மைனஸ் என்று இருந்தாலோ, அயல்நாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று பெற வேண்டும். கட்டணம் 208 யூரோ. விண்ணப்பம் இணையவழியில்தான். புளூ கார்டுக்காக என்று குறிப்பிட்டு ஒப்பந்தத்தையும் இணைத்தால் முன்னுரிமை கிடைக்கும்; இல்லாவிட்டால் சில மாதங்கள்கூட ஆகலாம். தற்காலிகப் பட்டச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் விட்டவர்கள், பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி அசல் பட்டச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுவது நல்லது. எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களும் தேவைப்படும்.

கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று காட்டும், மாணவர் விசாவுக்குக் கட்டாயமான ஏ.பி.எஸ். சான்று வேலை விசாவுக்குத் தேவையில்லை. இரண்டையும் குழப்பி, ஏ.பி.எஸ்.ஸுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு.

இனி, பெயர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இது தமிழர்களுக்கே உரிய சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திகேயன் எஸ்’, பட்டச் சான்றிதழில் ‘எஸ் கார்த்திகேயன்’, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிக்கப்பட்டுத் தந்தை பெயர் குடும்பப் பெயராகி ‘கார்த்திகேயன் சுப்பிரமணியன்’ என்று ஒருவருக்கு மூன்று பெயர்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் அதிகாரிக்கு இவர்கள் மூன்று பேர். அங்கே எல்லாப் பதிவுகளும் பாஸ்போர்ட்டின் பெயரிலேயே நடக்கும். ஆகவே பணி ஒப்பந்தம், விசாப் படிவம், காப்பீடு, வாடகை ஒப்பந்தம் ஆகிய அனைத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அதே வரிசையில் இருக்கும்படி நிறுவனத்திடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சான்றிதழ்களிலுள்ள பெயர்கள் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டை வைத்திருப்பவர், விண்ணப்பிக்கும் முன் அதைத் திருத்திப் புதிய பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டால் பின்னால் பல நாள் அலைச்சல் மிச்சமாகும். பாஸ்போர்ட் காலாவதியாக இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்தாலும் இதே யோசனைதான். குடியிருப்பு அட்டையின் காலம் பாஸ்போர்ட்டின் காலத்தைத் தாண்டாது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

புளூ கார்டுக்கான ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும். வேலை உங்கள் பட்டத்துக்கு ஏற்ற நிலையில் இருக்க வேண்டும். மொத்தச் சம்பளம், வார வேலை நேரம், வேலை செய்யும் ஊர், பதவி ஆகியவை தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பணித்தொடக்க நாளைத் திட்டவட்டமாகக் குறிப்பதற்குப் பதிலாக, ‘இந்த நாளிலோ, விசா கிடைத்த பின் கூடிய விரைவிலோ’ என்ற பொருள்பட எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டவரை வேலைக்கு எடுத்துப் பழகிய நிறுவனங்கள் இதைத் தயங்காமல் எழுதித் தரும்.

ஒப்பந்தத்தோடு, ‘வேலை உறவு பற்றிய அறிவிப்பு’ என்ற அரசுப் படிவத்தையும் நிறுவனம் நிரப்பிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஒப்பந்தத்திலுள்ள சம்பளமும் படிவத்திலுள்ள சம்பளமும் ஒரு யூரோகூட வேறுபடக் கூடாது. ஒன்றில் மாதக் கணக்கும் மற்றொன்றில் ஆண்டுக் கணக்கும் இருந்தால், நீங்களே பெருக்கிச் சரிபாருங்கள். மேலும், ஆண்டின் இறுதியில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் சம்பளம் வரம்பை ஒட்டியே இருந்தால், ஜனவரியில் வரம்பு உயரும்போது உங்கள் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். ஆயிரம், இரண்டாயிரம் யூரோ கூடுதலாக இருக்கும்படி அப்போதே பேசிக்கொள்வது எளிது.

நிறுவனம் விரும்பினால் ‘விரைவு நடைமுறை’ என்ற வழியும் இருக்கிறது. உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நிறுவனமே உங்கள் சார்பில் 411 யூரோ கட்டித் தொடங்கும். அந்த அலுவலகம் முன்னொப்புதல் தந்துவிட்டால், தூதரகம் மூன்று வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட்டும் அதன்பின் மூன்று வாரத்துக்குள் முடிவும் தர வேண்டும். பட்டம் தெளிவாக ஹெச் பிளஸ் என்று இருந்து, சம்பளமும் பொது வரம்பைத் தாண்டியிருந்தால் இது தேவையற்ற செலவு. சில நகரங்களில் அந்த அலுவலகத்தின் வரிசையே தூதரக வரிசையைவிட நீளம். குறைந்த வரம்பில் வருபவருக்கு வேறொரு எளிய வழி உண்டு. வேலைவாய்ப்பு முகமையிடம் நிறுவனமே நேரடியாக முன்னொப்புதல் கேட்டுப் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

விண்ணப்பமும் ராஜினாமாவும்

2025 ஜனவரி முதல், வேலை விசா விண்ணப்பங்களை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவை இணையதளத்தில் பதிவேற்றும் முறை உலகெங்கும் வந்துவிட்டது. தமிழ்நாடு, புதுச்சேரியில் வசிப்பவர்களின் விண்ணப்பங்கள் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குச் செல்லும். பெங்களூரில் ஆறு மாதத்துக்கு மேல் வசித்து வேலை செய்பவர் சேலத்துக்காரராகவே இருந்தாலும் பெங்களூர்த் தூதரகத்தின் எல்லைக்குள் வருவார். ஆவணங்களைப் பதிவேற்றியதும் அதிகாரி முதற்கட்டமாகப் பார்த்து, குறையிருந்தால் கேட்பார். எல்லாம் சரியாக இருந்த பிறகே, கைரேகை கொடுக்கவும் அசல் ஆவணங்களைக் காட்டவும் நேரில் வரச் சொல்வார்கள். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் செலுத்த வேண்டும்.

பாஸ்போர்ட், பணி ஒப்பந்தம், மேற்சொன்ன அறிவிப்புப் படிவம், பட்டச் சான்றிதழ், அனாபின் பக்கங்கள் அல்லது ஒப்பீட்டுச் சான்று, இடைவெளி இல்லாத தன்விவரக் குறிப்பு, பயண நாள் முதல் வேலை தொடங்கும் நாள் வரைக்குமான மருத்துவக் காப்பீடு ஆகியவையே அடிப்படை ஆவணங்கள். வேலை தொடங்கிய பின் நிறுவனத்தின் வழியே பொதுக் காப்பீட்டில் சேர்ந்துவிடுவீர்கள்; அதற்கு முந்தைய சில நாட்களை மறந்துவிடுவதுதான் வழக்கமான விடுபாடு. நம் பட்டச் சான்றிதழ்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தேவைப்படாது.

இணையதளத்தைப் பயன்படுத்த ஏஜென்ட் தேவையில்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன் என்று 20,000, 30,000 ரூபாய் கேட்பவர் உங்களுக்குப் பதிலாகச் செய்வதெல்லாம் உங்கள் ஆவணங்களைப் பதிவேற்றுவது மட்டுமே. வேலையையே வாங்கித் தருவதாகச் சொல்பவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

விசா ஒட்டப்பட்ட பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன், புகைப்படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் அந்தத் தாளை வரிவரியாகப் படிக்க வேண்டும். அதில் டி என்ற விசா வகை, செல்லுபடியாகும் நாட்கள், பெயர், பாஸ்போர்ட் எண் ஆகியவை இருக்கும். அடியிலுள்ள குறிப்புப் பகுதியில் எந்தச் சட்டப் பிரிவின்கீழ் வழங்கப்பட்டது, எந்த நிறுவனத்தில் என்ன வேலை செய்யலாம் என்பது ஜெர்மன் மொழியில் அச்சிடப்பட்டிருக்கும். 18ஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் 18பி என்று இருந்தால், புளூ கார்டுக்குப் பதிலாகச் சாதாரண அனுமதியைத் தந்திருக்கிறார்கள் என்று பொருள். பிழையை இங்கேயே திருத்திக்கொள்வது எளிது. விமானம் ஏறிய பின் கடினம்.

இந்தத் தாளைச் சரிபார்த்த மறுநாள்தான் ராஜினாமாவுக்கு உரிய நாள். 90 நாள் நோட்டீஸ் என்றால் ஜெர்மன் நிறுவனத்திடம் அதை முதல் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். ஜெர்மனியிலும் மூன்று மாத நோட்டீஸ் வழக்கமானதுதான் என்பதால் அவர்கள் வியப்படைய மாட்டார்கள். ரிலீவிங் லெட்டரும் அனுபவக் கடிதமும் வாங்காமல் புறப்படாதீர்கள்.

விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பழைய விடை இப்போது செல்லாது. மறுப்பை எதிர்த்துத் தூதரகத்துக்கே மனு எழுதும் முறை 2025 ஜூலை 1 முதல் கைவிடப்பட்டது. குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஆவணக் குறையால் வந்த மறுப்புக்குப் புதிய விண்ணப்பமே விரைவானது.

இறங்கிய முதல் இரண்டு வாரங்கள்

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ‘ஆன்மெல்டுங்’ என்று பெயர்; அங்கு வாழும் தமிழர்கள் தமிழில் பேசும்போதும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ‘ஆன்மெல்டுங் பண்ணியாச்சா?’ என்பதுதான் புதிதாக வந்தவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. பதிவுக்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. தற்காலிக அறை தேடும்போதே, ‘இந்த முகவரியில் பதிவு செய்ய அனுமதி உண்டா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுக்கு இடம்தராத அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படாது.

பதிவுப் படிவத்தில் மதம் பற்றிய ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ அதில் எழுதினால், வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காடு தேவாலய வரியாகச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். தூத்துக்குடியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ செல்லும் கிறித்தவர்கள், இது வெறும் புள்ளிவிவரம் என்று நினைத்து நிரப்பிவிட்டு, முதல் சம்பளச் சீட்டைக் கண்ட பிறகு விசாரிக்கிறார்கள். என்ன எழுதுவது என்பது அவரவர் நம்பிக்கையையும் மனசாட்சியையும் பொறுத்தது. ஆனால் விளைவு தெரிந்து எழுத வேண்டும்.

பதிவு முடிந்த சில வாரங்களில் வரி அடையாள எண் தபாலில் வரும். அங்கே அடுக்ககங்களில் கதவு எண் கிடையாது. அஞ்சல் பெட்டியில் ஒட்டப்பட்ட பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். முந்தைய குடியிருப்பாளரின் பெயரே பெட்டியில் இருந்தால் உங்கள் கடிதம் திரும்பிப் போய்விடும். வீட்டுக்குள் நுழைந்த அன்றே ஒரு சிறு தாளில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதிப் பெட்டியிலும் அழைப்புமணிப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி அட்டையின் ரகசிய எண், வெளிநாட்டவர் அலுவலகத்தின் அழைப்பு எல்லாம் அந்தப் பெட்டி வழியேதான் வர வேண்டும்.

அட்டை கைக்கு வரும்வரை

டி விசா என்பது நாட்டுக்குள் நுழைவதற்கும் வேலையைத் தொடங்குவதற்குமான அனுமதி. புளூ கார்டு என்ற அட்டையை உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகம் தனியாக வழங்கும். அதற்கான விண்ணப்பம் டி விசா முடியும் நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட்டுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இணையவழியில் விண்ணப்பித்து, விண்ணப்பம் பெறப்பட்டதற்கான உறுதிச் செய்தியைச் சேமித்து வையுங்கள். கட்டணம் 100 யூரோ வரை. அட்டையின் காலம் நான்கு ஆண்டுகள் வரை. ஒப்பந்தம் அதற்குக் குறைவானதென்றால், ஒப்பந்தக் காலத்தோடு மூன்று மாதம் சேர்த்துத் தருவார்கள்.

அட்டை வருவதற்குள் விசா முடிந்துவிடும் நிலையில், இடைக்காலச் சான்று ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும். பச்சை நிறத்தில் மடிப்புத் தாளாக இருக்கும் இதன் உட்பக்கத்தில் சில கட்டங்கள் உண்டு. 81ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு என்ற கட்டத்தில் குறியிருந்தால், பழைய அனுமதி அப்படியே தொடர்கிறது என்று பொருள்; வேலை செய்யலாம், ஊருக்குப் போய்த் திரும்பலாம். மூன்றாம் உட்பிரிவில் குறியிருந்தால் நாட்டில் தங்கலாம், ஆனால் வெளியே போனால் அந்தத் தாளை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் அந்தக் குறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான்காம் உட்பிரிவே என்றாலும், இடைமாறும் விமான நிலையத்தில் கேள்வி எழுப்பப்படலாம் என்பதால் நேரடி விமானம் கிடைத்தால் அதையே எடுப்பது நிம்மதி.

வேலை மாறினால், வேலை போனால்

முதல் 12 மாதங்களுக்குள் வேலை மாறுபவர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய வேலை நிபந்தனைகளுக்கு உட்பட்டதா என்று பார்க்க, மாற்றத்தை அவர்கள் 30 நாள் நிறுத்தி வைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். 12 மாதம் முடிந்தபின் இந்தத் தடை இல்லை.

வேலை போய்விட்டால் அட்டை அன்றே செல்லாமற்போவதில்லை. ஆனால் செய்தி தெரிந்த இரண்டு வாரத்துக்குள் நீங்களும், நான்கு வாரத்துக்குள் நிறுவனமும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு வேலை தேடச் சில மாத அவகாசம் கிடைப்பது வழக்கம். நீக்கக் கடிதம் கைக்கு வந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு முகமையில் வேலை தேடுபவராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். முந்தைய 30 மாதங்களில் 12 மாதமாவது காப்பீட்டுப் பங்களிப்பு செலுத்தியிருந்தால் வேலையிழப்புத் தொகை கிடைக்கும். அது நீங்கள் கட்டிய காப்பீட்டின் பயனே தவிர அரசின் உதவித்தொகை அன்று என்பதால், அதைப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

குடும்பம்

புளூ கார்டு பெற்றவரின் கணவனோ மனைவியோ ஜெர்மன் மொழித் தேர்வு எழுதாமலேயே உடன் செல்லலாம். அங்கே எந்த வேலையும் பார்க்கலாம். இருவரின் விண்ணப்பங்களையும் ஒன்றாகவே கொடுக்க முடியும். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த திருமணச் சான்றிதழ் வேண்டும். இந்திய ஆவணங்களின்மீது இடப்படும் அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை. தேவைப்பட்டால் தூதரகமே ஆவணத்தின் உண்மைத்தன்மையைத் தன் வழியில் விசாரித்துக்கொள்ளும். ஆகவே ஜெர்மனிக்காக அப்போஸ்டில் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

2024 மார்ச் 1க்குப் பின் முதன்முறையாகத் திறன்மிகு பணியாளர் அனுமதி பெற்றவர், தம் பெற்றோரையும் நிரந்தரமாக அழைத்துக்கொள்ளச் சட்டம் இப்போது இடம் தருகிறது. சட்டத்தில் இருப்பது வேறு, நடைமுறை வேறு. அறுபதைத் தாண்டிய பெற்றோருக்கு முழு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்ற நிபந்தனையில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள்; மாதப் பிரீமியம் எவ்வளவு என்று இரண்டு, மூன்று நிறுவனங்களிடம் கேட்டறிந்த பிறகே அம்மாவிடம் பேச்செடுங்கள்.

21ஆவது மாதத்தை நோக்கி

நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு 27 மாதம் வேலையும் ஓய்வூதியக் காப்பீட்டுப் பங்களிப்பும், ஏ1 எனப்படும் தொடக்க நிலை ஜெர்மனும் வேண்டும்; பி1 நிலை இருந்தால் 21 மாதம் போதும். அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலத்திலேயே பேசுவதால் மொழியைத் தள்ளிப்போடுவது எளிது. அங்கே போய் மாலை வகுப்பில் சேரலாம் என்று நினைப்பவர்கள், முதல் ஆண்டின் வீடு தேடலிலும் குளிரிலும் அதை விட்டுவிடுகிறார்கள். விசாவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு நல்ல வகுப்பிலோ ஏ1, ஏ2 இரண்டையும் முடித்துவிட்டால், அங்கே போனபின் பி1 மட்டுமே மிஞ்சும்.

‘ஜெர்மனியில் வாழ்க்கை’ என்ற தேர்விலும் தேற வேண்டும். அதில் 33 வினாக்கள், இந்த அனுமதிக்கு 15 சரியாக இருந்தால் போதும். வினாத்தொகுப்பு முழுவதும் இணையத்தில் வெளியிடப்பட்டுள்ளது. விண்ணப்பத்தோடு ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்தின் பங்களிப்புப் பதிவேட்டை இணைக்க வேண்டும். அதைக் கேட்டால் இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். பதினெட்டாவது மாதத்திலேயே வரவழைத்து மாதங்களை எண்ணிப் பாருங்கள். வேலை மாறியபோது இடையில் விடுபட்ட ஒரு மாதம், முதல் நிறுவனம் பெயரைத் தவறாகப் பதிந்ததால் வேறொரு காப்பீட்டு எண்ணுக்குப் போய்விட்ட சில மாதங்கள் எல்லாம் அந்தத் தாளில்தான் தெரியவரும். அவற்றைச் சரிசெய்ய மூன்று மாத அவகாசமாவது வேண்டியிருக்கும்.

இந்த அனுமதி கிடைத்த பிறகும், தொடர்ந்து 6 மாதங்களுக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்கினால் அது தானாகவே காலாவதியாகிவிடும். ஊரில் பெற்றோரைக் கவனித்துக்கொள்ள நீண்ட விடுப்பில் வருபவர், புறப்படும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்திடம் கால நீட்டிப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். சென்னையில் இறங்கிய பின் மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.